பிரசாவுரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும்: மலையக மக்களின் வரலாற்றினூடாக ஒரு நோக்கு

கொழும்பிலிருந்து மலையேறும் புகையிரதப் பாதையில், வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே றொசல்ல என்றொரு சிறிய நிலையம் உண்டு. அதனை அண்டிய தோட்டமொன்றின் லயக் காம்பராவில் மூதாட்டி ஒருவர் தமது தகரப் பெட்டியைத் திறந்து உள்ளிருந்த கடதாசிகளை ஒவ்வொன்றாக எமக்கு எடுத்துக் காட்டினார். அவருடைய தகப்பனார் 1951 ஆம் ஆண்டு அனுப்பிய விண்ணப்பத்தின் பற்றுச்சீட்டு அதில் இருந்தது. ‘தொடர்ச்சியான வதிவு நிரூபிக்கப்படவில்லை’ என்ற காரணங் கூறி அவ்விண்ணப்பத்தை நிராகரித்த கடிதமும், எழுபதாம் ஆண்டுக்கு முன் அவருடைய கணவர் நிரப்பிய மற்றுமொரு படிவத்தின் பிரதியும், 2003 ஆம் ஆண்டின் பின் அவரே பெருவிரல் அடையாளமிட்ட பிரகடனப் பத்திரமும் இருந்தன. மூன்று தலைமுறையினர் அப்பெட்டியைக் காவி வந்திருக்கின்றனர். அவர்களுள் எவரும் இந்நாட்டை விட்டு ஒருநாளேனும் வெளியே சென்றவரல்லர். ஆயினும் அவர்களின் நாடு எது என்பதைச் சட்டம் திரும்பத் திரும்ப எழுதியும் அழித்தும் வந்துள்ளது.

பிரசாவுரிமை பற்றிய சட்டம் ஒரு நாட்டின் சட்டவாக்க மன்றத்தில் எவ்வாறு ஆக்கப்படுகிறது, எவ்வாறு திருத்தப்படுகிறது என்ற வினாவை அப்பெட்டியை மனங்கொண்டே நாம் இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம். இது சட்டத்துறையினர்க்கு மாத்திரம் உரிய வினாவன்று. சட்டத்தின் ஒவ்வொரு வாசகமும் ஒரு சமூக உறவின் மொழிவடிவமாகும். இலக்கிய மாணவர் ஒரு பனுவலை வாசிப்பது போலவே சட்டத்தையும் அதன் சொற்றெரிவு, மௌனங்கள், அது யாரை விளித்துப் பேசுகின்றது என்பவற்றினூடாக வாசிக்கலாம். அவ்வாறு வாசிக்கும்போது ஓர் உண்மை தெளிவாகும். உரிமையைப் பறிப்பதற்குப் பாராளுமன்றத்திற்கு ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலமே தேவைப்பட்டது. அதனை மீள வழங்குவதற்கோ ஐம்பத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. இவ்வேறுபாட்டின் காரணத்தைச் சட்டம் வரைவோரின் திறமையிலோ திறமையின்மையிலோ காண முடியாது. அதனை வர்க்கச் சமநிலையிலேயே தேடவேண்டும்.

1. சட்டமூலம் சட்டமாகும் வழி

முதலிற் பொதுவான நடைமுறையைச் சுருக்கமாக நோக்குவோம். சோல்பரி அரசியலமைப்பின் கீழ்ச் சட்டமூலமொன்று பிரதிநிதிகள் சபையிற் சமர்ப்பிக்கப்படும். அதுவே முதலாம் வாசிப்பு. இரண்டாம் வாசிப்பில் அதன் அடிப்படைக் கோட்பாடு விவாதிக்கப்படும். குழுநிலையிலே பிரிவு பிரிவாக ஆராயப்பட்டுத் திருத்தங்கள் பிரேரிக்கப்படும். மூன்றாம் வாசிப்பின் பின் அது செனற் சபைக்குச் சென்று, மகாதேசாதிபதியின் சம்மதத்தைப் பெற்றுச் சட்டமாகும். செனற் சபை 1971 இல் ஒழிக்கப்பட்டது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் கீழ்ச் சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வெளியிடப்படல் வேண்டும். பின்னர் அது பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றதும், குறுகிய கால எல்லைக்குள் எந்தவொரு பிரசையும் அதன் அரசியலமைப்புப் பொருத்தத்தை உயர் நீதிமன்றத்தில் வினவலாம். சபாநாயகரின் சான்றுரை இடப்பட்டதன் பின்னர் அச்சட்டத்தின் வலிதை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது.

இங்கு மூன்று விடயங்கள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, பிரசாவுரிமைச் சட்டம் தனித்து நிற்பதன்று. தேர்தற் சட்டம், குடிவரவுச் சட்டம், காணிச் சட்டம் ஆகியன யாவும் ‘பிரசை’ என்ற சொல்லைக் கடன்பெற்று இயங்குவன. எனவே அச்சொல்லின் வரைவிலக்கணத்தை ஓரிடத்தில் மாற்றினால், வேறு பல சட்டங்களின் பொருளும் அவற்றில் ஓரெழுத்தேனும் மாறாமலே மாறிவிடும். இரண்டாவது, ஒரு திருத்தத்தின் உண்மையான வலு அதன் கோட்பாட்டுப் பிரிவில் இருப்பதைவிட, யார் எதனை எவ்வாறு நிரூபிக்கவேண்டும் என்னும் நடைமுறைப் பிரிவிலேயே பெரும்பாலும் இருக்கும். மூன்றாவது மிக முக்கியமானது. சட்டமூலத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் வாயிலைத் தட்டும் உரிமையை 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ‘பிரசை’க்கே வழங்குகிறது. பிரசையல்லாதாரின் தலைவிதியை நிர்ணயிக்கும் சட்டமூலம் வரும்போது அதனால் நேரடியாகத் தாக்கப்படுவோர் அவ்வாயிலில் நிற்கும் தகுதியற்றோராவர்.

2. மூன்று சட்டங்கள், ஒரே நோக்கு

1931 இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை அறிமுகஞ் செய்தது. அப்போதே இந்திய வம்சாவளியினர் தொடர்பாக நிரந்தர வதிவு, எழுத்தறிவு, சொத்து முதலான நிபந்தனைகள் புகுத்தப்பட்டன. எனினும் 1931 இல் ஏறத்தாழ ஓரிலட்சமாக இருந்த இந்திய வாக்காளர் தொகை 1939 இல் ஏறத்தாழ 225,000 ஆக உயர்ந்தது. பதிவு விதிகள் இறுக்கப்பட்டதும் 1943 இல் அது ஏறத்தாழ 168,000 ஆகக் குறைந்தது. பறிப்பின் முதல் ஒத்திகை இதுவேயாகும். சட்டத்தின் முதன்மை வாசகத்தை மாற்றாமல் நிரூபணத்தைக் கடினமாக்குவதன் மூலமே வாக்காளரைக் குறைக்கலாம் என்பதை ஆளும் வர்க்கம் இங்கு கற்றுக்கொண்டது.

அக்காலப் பகுதி தோட்டத் தொழிலாளரின் விழிப்புக் காலமுமாகும். ஹற்றன் தொகுதியைப் பிரதிநிதித்துவப்படுத்திய கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையும் மேடையிலும் அச்சிலும் பாட்டிலும் உரிமையுணர்வை வளர்த்தனர். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார். இடதுசாரிகள் தோட்டங்களுக்குள் நுழையத் தொடங்கினர். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமானும், தலவாக்கொல்லையிலிருந்து எழுத்தாளரும் கவிஞருமான சி. வி. வேலுப்பிள்ளையும் உட்பட இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர் பலர் பாராளுமன்றத்திற்குத் தெரிவாயினர். வேறு பல தொகுதிகளிலே தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணைநின்றன. சிங்களக் கிராமத்து விவசாயியும் தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் ஒரே அணியில் வாக்களிக்கக்கூடும் என்ற சாத்தியப்பாடு தோன்றியது. பெருந்தோட்டச் சொந்தக்காரரையும் தரகு முதலாளிகளையும் உள்ளடக்கிய ஐக்கிய தேசியக் கட்சிக்கு அது ஓர் எச்சரிக்கையாக அமைந்தது.

சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே அதற்கு விடை வந்தது. டி. எஸ். சேனாநாயக்காவின் அரசாங்கம் 1948 ஓகஸ்ட் மாதத்தில் பிரசாவுரிமைச் சட்டமூலத்தை விவாதத்திற்குக் கொணர்ந்தது. 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கச் சட்டமாகிய அது 1948 நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. அதில் இந்தியர் என்ற சொல்லோ தமிழர் என்ற சொல்லோ விலக்கலின் அளவுகோலாக இடம்பெறவில்லை. வம்சாவளியாலும் பதிவினாலும் பிரசாவுரிமை கிட்டும் என்றே அது கூறியது. நியமிக்கப்பட்ட தினத்துக்கு முன் இலங்கையிற் பிறந்தவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அத்தினத்தின் பின் பிறப்பவருக்கோ பிறக்கும்போது தந்தை பிரசையாக இருத்தல் வேண்டும்.

இவ்வாசகங்களை நிதானமாக நோக்குதல் தகும். இலங்கையிற் பிறத்தல் என்ற ஒன்று மாத்திரம் எவரையும் பிரசையாக்கவில்லை. பிறப்புப் பதிவு கட்டாயமானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே. தந்தையின் பிறப்பையே பத்திரத்தால் நிறுவுவது தோட்டத்தில் அரிதாக இருக்கையில், பூட்டனின் பிறப்பை நிறுவுவது எங்ஙனம்? கண்டி நாட்டுக் கிராமத்து விவசாயியிடமும் அத்தகைய பத்திரம் இருந்ததில்லை. ஆயினும் அவரிடம் அதனை எவரும் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளியிடமே கேட்டனர். எல்லோருக்கும் பொதுவான மொழியில் எழுதப்பட்ட பிரிவு ஒரு சாராரை மாத்திரமே தாக்கும் வகையில் நடைமுறைப்படுத்தப்பட்டது. இரண்டாவதாக, இச்சட்டம் நாடற்ற நிலையைப் பரம்பரைச் சொத்தாக்கியது. பிரசையல்லாத தந்தையின் பிள்ளை பிரசையல்ல. அப்பிள்ளையின் பிள்ளையும் அல்ல. மூன்றாவதாக, இச்சட்டத்தில் வம்சாவளிப் பிரசாவுரிமை பொதுவாகத் தந்தைவழியாகவே சென்றது. கொழுந்து கொய்யும் பெண்களின் உழைப்பிலே தங்கியிருந்த ஒரு பொருளாதாரம், அப்பெண்களின் வழியாகப் பிரசாவுரிமை செல்லாது என்று விதித்தது.

அதே ஆண்டு 20 ஆம் இலக்கச் சட்டமாகக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டமும் நிறைவேறியது. இது எல்லையைக் கடப்போரை ஒழுங்குபடுத்துவது. பிரசாவுரிமைச் சட்டத்தால் வெளியே தள்ளப்பட்டவர் தாம் பிறந்த லயத்திலேயே இருந்துகொண்டு சட்டத்தின் கண்ணில் ‘குடிவந்தவர்’ ஆயினர். அவர்கள் எல்லையைக் கடக்கவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது.

இரண்டாவது சட்டம் 1949 ஆம் ஆண்டு 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமாகும். முதற் சட்டத்தின் கடுமையைத் தணிக்கும் சலுகையாகவே அது முன்வைக்கப்பட்டது. 1946 சனவரி 1 ஆந் திகதிக்கு முன் விவாகமானவர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் இடையறாது வதிந்திருத்தல், போதிய வருமானம் பெற்றிருத்தல் முதலிய நிபந்தனைகளுடன் 1951 ஓகஸ்ட் 5 ஆந் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்துப் பின்னரே விண்ணப்பிக்கும்படி மக்களைத் தூண்டியது. இதனால் விண்ணப்பங்கள் இறுதி மாதங்களிற் குவிந்தன. ஏறத்தாழ 825,000 பேரின் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்த விசாரணைகளின் பின் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மாத்திரமே. ஆறில் ஒருவருக்கும் குறைவானோரே தேறினர். தமிழகத்திலுள்ள உறவினரின் சாவுக்கோ கலியாணத்துக்கோ சென்று ஓராண்டுக்கு மேல் தங்கியவரின் வதிவுத் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. ஆங்கிலத்தில் அமைந்த படிவமும் விசாரணையும் எழுத்தறிவற்ற தொழிலாளியின் முன் மற்றுமொரு மலையாக நின்றன.

மூன்றாவது, 1949 ஆம் ஆண்டு 48 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் திருத்தச் சட்டம். மூன்றிலும் மிகச் சிறியது இதுவே. வாக்காளர் இடாப்பிற் பதியப்படுவதற்கு ஒருவர் இலங்கைப் பிரசையாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். முதற் சட்டம் வரைவிலக்கணத்தை அமைத்தது. இரண்டாவது அவ்வரைவிலக்கணத்துக்கு வெளியே நின்றோரை நீண்டதொரு வரிசையில் நிறுத்தியது. மூன்றாவது அவ்வரிசை நகர்வதற்கு முன்னரே அவர்களின் வாக்கை நீக்கியது. 1947 இல் வாக்களித்தவர்கள் 1952 இல் வாக்களிக்க இயலாதாராயினர். 1946 இல் அவர்களையும் எண்ணி வகுக்கப்பட்ட தொகுதிகளோ அவ்வாறே இருந்தன. தொழிலாளரின் தலைகள் தொகுதிகளை ஆக்கின. அவர்களின் வாக்கின்றியே அத்தொகுதிகளின் உறுப்பினர் தெரிவாயினர். 1952 இல் இந்தியக் காங்கிரஸ் கொழும்பிலே சத்தியாக்கிரகம் நடாத்தியது. ஆனால் வாக்கற்றவரின் சத்தியாக்கிரகத்தால் அரசாங்கத்துக்குத் தேர்தல் நட்டம் எதுவும் நேர்ந்திலது.

இலங்கைத் தமிழ்த் தலைமையின் பங்கையும் இங்கு மறைத்தல் ஆகாது. 1948 ஓகஸ்டில் முதற் சட்டமூலத்தை எதிர்த்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் விரைவிலேயே அமைச்சரவையிற் சேர்ந்து இரண்டாம் சட்டத்தை ஆதரித்தார். அதனை ஏற்காத எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949 டிசம்பரிற் தமிழரசுக் கட்சியை நிறுவினர். இடதுசாரிக் கட்சிகள் அன்று சட்டமூலங்களை உறுதியாக எதிர்த்தன. தொழிலாள வர்க்கத்தின் ஒரு பகுதியினரைப் பறிக்கும் கை நாளை எஞ்சிய பகுதியினரையும் தீண்டும் என்பதே அவர்களின் வாதத்தின் உயிர்நிலையாக இருந்தது.

3. நீதிமன்றத்தின் வாயில்

சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, எந்தவொரு சமூகத்தின் மீதும் ஏனைய சமூகங்களுக்கில்லாத குறைபாட்டைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என விதித்தது. அன்றைய நீதிமன்றங்கள் நிறைவேறிய சட்டத்தையும் ஆராயலாம். எனவே றுவன்வெல்லைத் தொகுதியில் வாக்காளர் இடாப்பில் இடம் மறுக்கப்பட்ட கோடகன்பிள்ளை என்பவரின் வழக்கு முக்கியத்துவம் பெற்றது. மீளாய்வு அலுவலர் அவருக்குச் சார்பாகத் தீர்மானித்தார். உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1953 இல் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

பிரிவிக் கவுன்சிலின் தருக்கம் கூர்ந்து கவனிக்கத்தக்கது. தன் பிரசைகள் யாவர் என்பதை நிர்ணயிப்பது ஒரு நாட்டின் சட்டவாக்க மன்றத்தின் இயல்பான அதிகாரம் என்றும், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இந்தியத் தமிழருக்குப் பிரசையாகும் வழி திறந்திருப்பதால் அவர்கள் மீது குறைபாடு சுமத்தப்பட்டதாகக் கொள்ள முடியாது என்றும் அது கருதியது. இவ்வாறு இரண்டாம் சட்டம் முதலாம் சட்டத்தின் கேடயமாயிற்று. திறந்த கதவு ஒன்று உண்டு என்பதே நீதிமன்றத்துக்குப் போதியதாயிருந்தது. அக்கதவின் வழியே எத்தனை பேர் நுழைய முடியும் என்பது அதன் வினாவாக இருக்கவில்லை. சட்டத்தின் சமத்துவம் வடிவச் சமத்துவமே. சமூகத்தின் சமமின்மை அதன் பார்வைக்குள் வருவதில்லை.

அமைப்பு முறை எதுவாயினும் இத்தகைய சட்டங்களின் இலக்கணம் வெளிநாடுகளிலும் ஏறத்தாழ இதுவேயாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1790 ஆம் ஆண்டின் சட்டம் பிரசையாக்கலைச் ‘சுதந்திரமான வெள்ளையருக்கு’ வரையறுத்தது. அந்த இனத்தடை 1952 இலேதான் முற்றாக நீங்கியது. 1924 இல் வகுக்கப்பட்ட தேசியவாரிக் குடிவரவுப் பங்கீட்டு முறை 1965 இன் திருத்தத்தாலேயே ஒழிக்கப்பட்டது. அங்கும் உழைப்பு வேண்டப்பட்டது. உழைப்பவரின் உரிமை வேண்டப்படவில்லை. மூலதனத்திற்குத் தேவை உழைப்புச் சக்தி. ஆனால் அச்சக்தி எப்போதும் ஒரு மனிதரின் உடலோடும் குரலோடும் சேர்ந்தே வருகிறது. உடலை வைத்துக்கொண்டு குரலை விலக்குவதற்கான மிகச் சிக்கனமான கருவி பிரசாவுரிமைச் சட்டமாகும்.

இன்னுமொன்று. இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து 25 நாட்களின் பின், 1948 டிசம்பர் 10 இல், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் தேசியவுரிமை உண்டு என அதன் 15 ஆம் உறுப்புரை கூறுகிறது.

4. தொகையும் விகிதமும்

உள்நாட்டுச் சட்டத்தால் உண்டாக்கப்பட்ட பிரச்சினை அதன்பின் இரு நாடுகளின் பிரச்சினையாக மாற்றப்பட்டது. 1954 இன் நேரு-கொத்தலாவலை உடன்பாடு தோல்வியுற்றது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்திடப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை நாடற்றோராகக் கணித்தது. அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் பதினைந்து ஆண்டுகளில் ஏற்பதெனவும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதெனவும் உடன்பாடு காணப்பட்டது. 1974 சனவரியில் அவ்வெஞ்சியோர் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். எவரிடமும் விருப்பங் கேளாது முதலில் தொகை தீர்மானிக்கப்பட்டது. அத்தொகையை நிரப்புவதற்காகவே பின்னர் மக்களிடம் விண்ணப்பங் கோரப்பட்டது.

ஓர் ஒப்பந்தம் தானே உள்நாட்டுச் சட்டமாகிவிடாது. அதனை நடைமுறைப்படுத்த 1967 ஆம் ஆண்டு 14 ஆம் இலக்கச் சட்டம் தேவைப்பட்டது. 1968 மே முதல் 1970 ஏப்ரில் வரை விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. இந்தியாவுக்கு விண்ணப்பித்தோர் ஒதுக்கப்பட்ட தொகையை எட்டவில்லை. இலங்கைக்கு விண்ணப்பித்தோரோ ஒதுக்கப்பட்ட தொகையை வெகுவாகத் தாண்டினர். மக்கள் தம் தீர்ப்பை இவ்வாறு வழங்கினர். ஆனால் இந்தியாவுக்கு எழுவர் எனில் இலங்கைக்கு நால்வர் என்ற விகிதமே ஆட்சி செய்தது. 1971 இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் கொண்டுவந்த திருத்தம் அவ்விகிதத்தை, இந்தியப் பிரசாவுரிமை பெற்றோரின் தொகையோடன்றி உண்மையாகக் கப்பலேறியோரின் தொகையோடு பிணைத்தது. நீங்கள் பிரசையாவதற்கு உங்கள் அயற்காம்பராவில் உள்ளோர் வெளியேற வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். ஒரே பிரட்டுக்களத்தில் நின்றோரின் நலன்களை ஒன்றுக்கொன்று எதிரானவையாக ஒரு சட்டத் திருத்தம் மாற்றியது.

இவ்விடத்தில் நமது அணியின் வரலாற்றையும் நேர்மையுடன் நோக்கவேண்டும். 1948 இல் எதிர்த்து நின்ற லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஒப்பந்தம் கைச்சாத்தானபோது கூட்டரசாங்கத்தில் அங்கம் வகித்தது. 1971 இன் திருத்தம் வந்தபோதும் அது அரசாங்கத்தில் இருந்தது. கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அமைச்சராக இருந்து உருவாக்கிய 1972 ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பிலே பழைய 29 ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அப்பிரிவு மலையக மக்களைக் காக்கத் தவறியது உண்மையே. எனினும் தவறிய காவலுக்குப் பதிலாக வலிய காவலை வைக்கவேண்டியிருக்க, காவலே அகற்றப்பட்டது. பாராளுமன்றப் பெரும்பான்மையின் தருக்கத்தை ஏற்றுக்கொண்டதும் வர்க்க நிலைப்பாடு எவ்வாறு கரைந்துபோகிறது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் நம் வரலாற்றில் இல்லை.

5. மீட்பின் படிகள்

1977 இல் நுவரெலியா-மஸ்கெலியாப் பல்லங்கத்தவர் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராக எஸ். தொண்டமான் தெரிவானார். பதிவுப் பிரசைகளின் தொகை வளரவே மலையகத்தின் வாக்கு மீண்டும் எண்ணத்தக்கதொன்றாயிற்று. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 26 ஆம் உறுப்புரை வம்சாவளிப் பிரசை, பதிவுப் பிரசை என்ற வேறுபாட்டை நீக்கி ‘இலங்கைப் பிரசை’ என்ற ஒரே அந்தஸ்தை ஏற்படுத்தியது. நாட்டில் நிரந்தரமாக வதியும் நாடற்றோருக்கும் பேச்சு, ஒன்றுகூடல், தொழிற்சங்கம் முதலான சுதந்திரங்களைப் பத்தாண்டுகளுக்கு மாத்திரம் 14 ஆம் உறுப்புரை வழங்கியது. சுதந்திரத்துக்கும் தவணை குறிக்கப்பட்டது.

1981 இல் ஒப்பந்த காலம் முடிவுற்றது. 1984 இல் தலைமன்னார்-இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றிருந்தும் புறப்படாத பல்லாயிரவர் இங்கேயே தங்கினர். 1986 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்க ஏற்பாடு செய்தது. ஆனால் 94,000 என்ற மேலதிகத் தொகை அதிலும் பேசப்பட்டது. 1988 டிசம்பர் சனாதிபதித் தேர்தலுக்குச் சற்று முன்னர் வந்த 39 ஆம் இலக்கச் சட்டம் ஒரு முக்கிய மாற்றத்தைச் செய்தது. விசாரணையின் இடத்தில் சத்தியக்கடதாசி வந்தது. ஆயினும் இந்தியாவுக்கு விண்ணப்பித்தோரும் அவர்தம் பிள்ளைகளும் வெளியே விடப்பட்டனர். ஒவ்வொரு திருத்தமும் ஓர் எச்சத்தை விட்டுச் சென்றது; அவ்வெச்சமே அடுத்த திருத்தத்தின் பொருளாயிற்று.

இவ்விடைவெளியில், 1987 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கத் திருத்தம் வெளிநாட்டுப் பிரசாவுரிமை பெற்ற இலங்கையர் தம் இலங்கைப் பிரசாவுரிமையையும் வைத்திருக்க வழிசெய்தது. புலம்பெயர்ந்த மத்தியதர வர்க்கத்தினருக்கு இரு நாடுகள். தேயிலைக் காட்டில் உழைப்போரில் ஒரு பகுதியினர்க்கு ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே சட்டப் புத்தகத்தில் அடுத்தடுத்து இருந்தன.

இறுதியாக 2003 ஒக்டோபரில் பாராளுமன்றம் இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டமூலத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. 2003 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்கச் சட்டம் அதுவே. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதியும் இந்திய வம்சாவளியினரும், இங்கு வதியும் அவர்தம் சந்ததியினரும் இலங்கைப் பிரசைகள் என அது கூறியது. ஏறத்தாழ 168,000 பேர் இதனாற் பயன்பெறுவர் எனக் கணிக்கப்பட்டிருந்தது. எந்த நாட்டுப் பிரசாவுரிமையும் இல்லாதார் பொதுப் பிரகடனமும், இந்தியப் பிரசாவுரிமை பெற்றிருந்தோர் சிறப்புப் பிரகடனமும் செய்தல் போதுமானதாயிற்று. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஸ்தானிகராலயத்தின் துணையுடன் நடந்த இயக்கத்தில் பத்து நாட்களுக்குச் சற்றே மேற்பட்ட காலத்தில் ஏறத்தாழ 190,000 பேர் பிரசாவுரிமை பெற்றனர். 1951 இன் விண்ணப்பங்களுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் சென்றன. 2003 இல் பத்து நாட்கள் போதுமாயின. அலுவலரின் உழைப்பு வேகம் கூடியதால் நேர்ந்த மாற்றமன்று இது. நிரூபணப் பாரம் இடம் மாறியதே காரணம். முன்னர் தொழிலாளி தம் உரிமையை நிறுவவேண்டியிருந்தது. இப்போது சட்டமே அதனை முதலில் ஏற்றுக்கொண்டது.

அதே ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம் பிரசாவுரிமையைத் தாய்வழியாகவும் பெறலாம் என்றாக்கியது. 1948 இல் மௌனமாக்கப்பட்ட தாய் 55 ஆண்டுகளின் பின் சட்டத்துக்குள் வந்தாள். 2008 இல் சீன வம்சாவளியினருக்கும் தனிச்சட்டம் வந்தது. இனக்கலவரங்களாலும் போராலும் தமிழகத்துக்கு அகதிகளாய்ச் சென்ற மலையகத்தாரை, அங்கு வதியும் காரணத்தால் 2003 இன் சட்டம் எட்டவில்லை. 2009 இன் திருத்தங்கள் அவர்களையும் உள்ளடக்கின. இந்தியாவிலோ 2019 ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே கருத்திற் கொண்டது. இலங்கை அப்பட்டியலில் இல்லை.

6. நிறைவாக

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். பிரசாவுரிமையைப் பறிக்கும் சட்டம் பொதுமொழியிற் பேசும். மீட்கும் சட்டங்களோ தொகையையும் திகதியையும் எச்சத்தையும் பற்றிப் பேசும். பறித்தல் வரைவிலக்கணத்தால் நிகழும்; மீட்டல் விதிவிலக்குகளால் நிகழும். திருத்தம் ஒன்றை மதிப்பிடுகையில் அதன் முகவுரையை வாசிப்பதோடு அமையாது, யார் எந்தப் பத்திரத்தை யாரிடம் கொடுக்கவேண்டும் என்ற பிரிவை வாசித்தல் வேண்டும். அப்பிரிவிலேயே வர்க்கம் தன் கையொப்பத்தை இடுகிறது.

பிரசாவுரிமை முடிவன்று, வாயிலே. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது; 2018 இலேதான் அது திருத்தப்பட்டது. வாக்களித்த மக்களின் லயத்துக்குச் செல்லும் பாதையை, அவ்வாக்கினால் அமைந்த சபை செப்பனிட இயலாதிருந்தது. காணியும் வீடும் முகவரியும் நியாயமான கூலியும் இன்னும் சட்டமாகவேண்டிய கோரிக்கைகளாகவே உள்ளன.

எனினும் ஒரு மாற்றம் அடிப்படையானது. சட்டமூலம் ஒன்று ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறும்போது உயர் நீதிமன்றத்தின் வாயிலில் நின்று அதனை வினவும் தகுதி ‘பிரசை’க்கு உரியது என முன்னர் கூறினோம். இன்று றொசல்லயில் வாழும் அம்மூதாட்டியின் பேரப்பிள்ளைகளும் அத்தகுதியைப் பெற்றுள்ளனர். சான்றுரை இடப்பட்டபின் வாதாட எந்த மன்றும் இல்லை. ஆதலால் சான்றுரைக்கு முன்னுள்ள அச்சிறு காலம் பெறுமதி மிக்கது. வர்த்தமானியிலே சட்டமூலத்தை வாசிப்பதும், அதன் வாசகங்களை மக்கள் மொழியில் விளக்குவதும், தொழிற்சங்கத்திலும் வாசிகசாலையிலும் அதனை விவாதத்துக்குக் கொணர்வதும் பல்கலைக்கழகத்தில் உள்ளோராகிய நமது கடமைகளாகும். 1948 இல் அக்கடமையைச் செய்தோர் சிலரே இருந்தனர்.

நாம் விடைபெறும்போது, இனி இக்கடதாசிகள் தேவைப்படாவே என்று அம்மூதாட்டியிடம் கூறினோம். அவர் பெட்டியை மூடி, மறுபடியும் கட்டிலின் கீழே தள்ளிவைத்தார். “சட்டத்த மறுபடி மாத்த மாட்டாங்கன்னு யாரு சொன்னது?” என்று மாத்திரம் கேட்டார்.